துப்பாக்கிச் சூட்டுக்கு முன்னிருந்த செய்தி

தூத்துக்குடியிலுள்ள ஸ்டெர்லைட் தாமிர ஆலையைப் பற்றி வெளியூர்ப் பத்திரிகைகள் பலவும் விஸ்தாரமாக எழுதத் தொடங்கியது, 2018 மே 22 அன்று போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் ஜனங்கள் மாண்ட பிறகுதான் என்பதை நினைக்க நெஞ்சு பதறுகிறது. ஆலையருகே உள்ள அ.குமரெட்டியாபுரம் கிராமத்தார் அதற்கு முன் ஆலையை எதிர்த்து நூறு நாள் போராடினார்கள்.

அதற்கும் வெகுமுன்னரே, 2013 ஏப்ரலில், ஆலை சுற்றுப்புறத்தை மாசுபடுத்தியதையும், அனுமதியைப் புதுப்பிக்காமல் நெடுங்காலம் இயங்கியதையும் எடுத்துக்காட்டி உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் நஷ்டஈடு விதித்தது. ஆனால், ஆலையை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2010-இல் இட்ட உத்தரவை அதே தீர்ப்பில் ரத்தும் செய்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, அத்தனை வருஷங்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்ன செய்தது என்று நாள்தோறும் வினவுவதல்லவா பத்திரிகா தர்மம்? உள்ளூர் நிருபர்கள் சிலர் வினவினார்கள். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அரசு மூடிய ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. உப்பாற்று ஓடையருகே கொட்டப்பட்ட தாமிரக் கசடு, நிலத்தடி நீரின் நிலை, வேலையிழந்த தொழிலாளர் கதி ஆகியவற்றை இனியேனும் மாதந்தோறும் விசாரித்துப் பிரசுரிக்க வேண்டும்.