எங்களைத் தேடுவதற்கு யார்?



வெள்ளம், புயல், கடற்கோள் எல்லாம் கண்டவர்கள் நாங்கள். ஆனால் பனியால் வரும் அழிவை அறியோம். பஞ்சு போல விழும் பனி ஊரையே மூடும் என்றால் நம்புவதும் கடினம். அப்படி மூடப்பட்ட ஒரு மலைக் கிராமத்தைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். அதில் எங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

ஒஸ்திரியா நாட்டின் மேற்கே, அல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே கால்டூர் என்றொரு சிறு கிராமம் உண்டு. குளிர்காலத்தில் பனியில் சறுக்கி விளையாட வரும் உல்லாசப் பயணிகளை நம்பியே அங்குள்ள பல குடும்பங்கள் வாழ்கின்றன. 1999 பெப்ரவரியில் அங்கு புயற்காற்றோடு பனி கொட்டியது. அம்மாதம் ஏறத்தாழ 4 மீற்றர் பனி பெய்தது. குளிர்காலத்தில் ஊருக்குள் வர இருந்த ஒரேயொரு வீதியும் கிட்டத்தட்ட ஒரு வாரம் மூடிக் கிடந்தது. விடுமுறைக்கு வந்தவர்களும் ஊர் மக்களும் ஒன்றாக அகப்பட்டுக்கொண்டார்கள்.

பெப்ரவரி 23, மாலை 4 மணியளவில் மலையில் குவிந்திருந்த பனி பெயர்ந்து கிராமத்தின் மேல் வந்து விழுந்தது. பனிச்சரிவு ஊரைத் தாக்க ஒரு நிமிடங்கூட எடுக்கவில்லை. 31 பேர் இறந்தார்கள். மறுநாள் அருகிலுள்ள வால்சூர் என்ற இடத்தில் இன்னும் 7 பேர்.

அந்த ஊரில் ஆபத்து வரைபடம் இல்லாமல் இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிலத்தைப் பிரித்திருந்தார்கள். பச்சை என்றால் பயமில்லை என்று பொருள். இடிந்த வீடுகளில் பச்சைப் பகுதியில் இருந்தவையும் உண்டு. பாதுகாப்பான இடம் என்று சொல்லப்பட்ட இடத்தில் உறவுகளை இழப்பது எப்படியானது என்று எங்கள் வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வீதி இல்லை. புயலில் ஹெலிகொப்டரும் பறக்க முடியாது. மறுநாட் காலை வரை வெளி உதவி வரவில்லை. பனிக்குள் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அரை மணி நேரம் கடந்தால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. ஆகவே அன்று உயிரோடு மீண்டவர்களைத் தோண்டி எடுத்தவர்கள் பக்கத்து வீட்டாரும், விடுமுறைக்கு வந்திருந்தவர்களுமே. யார் எந்த வீட்டில் இருந்தார் என்று தெரிந்தால்தான் எங்கே தோண்டுவது என்று தெரியும்.

எங்கள் நாட்டிலும் இதைக் கண்டோம். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன் வீடுகளை மூடியது. அங்கு ஆபத்து இருப்பதாக முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மண்ணுக்குள் எத்தனை பேர் என்ற கணக்கோ நாளுக்கு நாள் மாறியது. முதலில் சொன்ன எண்ணிக்கை பின்னர் பெரிதும் குறைந்தது.

சமூகவியலில் 'சமூக மூலதனம்' என்றொரு சொல் உண்டு. ஒருவரையொருவர் அறிந்திருப்பதும் நம்புவதும் ஒரு சொத்து என்பதே அதன் கருத்து. யுத்தமும் இடப்பெயர்வும் எங்களிடமிருந்து பறித்தவற்றில் இந்தச் சொத்தும் ஒன்று. மீள்குடியேறிய கிராமங்களில் அயல்வீட்டாரின் பெயர் தெரியாதவர்கள் உண்டு. கணவரை இழந்த பெண் 'ஊர் என்ன சொல்லுமோ' என்று படலையைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுகிறாள். அவள் வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆபத்து வரும் நாளில் அவளைத் தேட யார்?

மாதர் சங்கக் கூட்டங்களில் கடன், சேமிப்புப் பற்றிப் பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் ஒரு அரை மணி நேரம் இதற்கும் ஒதுக்குங்கள். ஒரு கொப்பியில் வீட்டுக்கு வீடு பெயர்களை எழுதுங்கள். தனியே இருக்கும் முதியவர் யார், நடக்க முடியாதவர் யார், கர்ப்பிணி யார், இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று குறியுங்கள். மண்வெட்டி, அலவாங்கு, கயிறு, ரோச் லைற் எந்த வீட்டில் உண்டு என்றும் எழுதுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் சேருங்கள். பிரதி ஒன்றை வேறொரு வீட்டிலும் வையுங்கள். ஒரு வீடு போனாலும் மற்றது இருக்கும். குடும்ப விபரங்கள் ஊர் வம்புக்குப் போகாமல் பார்ப்பதும் சங்கத்தின் பொறுப்பு.

கால்டூரில் பின்னர் வரைபடத்தைத் திருத்தினார்கள். மலைப்பக்கமாகப் பெரிய தடுப்புச் சுவரும் கட்டினார்கள். அதற்குப் பணமும் அரசாங்கமும் வேண்டும். அவற்றைக் கேட்பது எங்கள் உரிமை, தொடர்ந்து கேட்போம். கொப்பிக்கு ஒரு பேனையும் ஒரு பின்னேரமும் போதும். முதலில் எந்த வீட்டுப் படலையைத் தட்டப்போகிறீர்கள்?