குறிசுட்ட கொழுப்பு

பல வீட்டு மாடுகள் ஒரே தரவையில் மேயும்போது, இன்ன மாடு இன்னாருடையது என்று அறியும்பொருட்டு அவற்றுக்குக் குறிசுடுதல் நம்மவர்க்குப் பழகிய வழக்கம். உண்ணும் உணவுக்கும் அவ்வாறு குறிசுட முடியுமாயின், அது உடலினுள்ளே எங்கே போகின்றது என்பதையும் அறியலாமன்றோ? 1935ஆம் ஆண்டில் இருவர் இதனைச் செய்துகாட்டினர்.

அவர்கள் கொண்ட குறி பார ஐதரசன். சாதாரண ஐதரசனின் கருவில் ஒரு புரோத்தன் மாத்திரமே உண்டு. இதன் கருவிலோ நியூத்திரன் ஒன்றும் கூடியிருத்தலால், திணிவு ஏறக்குறைய இரு மடங்காகும். கதிர்வீசும் இயல்பு இதற்கு இல்லை. இயற்கை நீரிலே ஏறத்தாழ 6,400 ஐதரசன் அணுக்களுக்கு ஒன்று வீதம் இது கலந்திருப்பதால், நாம் அனைவரும் இதனை நாடோறும் பருகியே வருகின்றோம். 1931இல் இதனைக் கண்டறிந்த ஹரோல்ட் யூரி 1934இல் நோபல் பரிசு பெற்றார்.

ஹிட்லரின் ஆட்சி தொடங்கிய 1933இல் ஜேர்மனியை நீங்கி, நியூ யோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை அடைந்தவர் ருடோல்ப் ஷோன்ஹைமர். அவர், யூரியின் மாணவராயிருந்த டேவிட் ரிட்டன்பேர்க்குடன் சேர்ந்து ஆளிவிதை எண்ணெயை எடுத்துக்கொண்டார். அதன் கொழுப்பமிலங்களிலே காபன் அணுக்களிடையே இரட்டைப் பிணைப்புகள் உள. ஊக்கியொன்றின் துணைகொண்டு அவ்விடங்களிற் பார ஐதரசனைச் சேர்த்தனர். இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்சிசனோடு பிணைந்த ஐதரசன், நீரைக் கண்டவுடன் அந்நீரின் ஐதரசனோடு இடம் மாறிவிடும். அதிற் குறியிடுதல் அலைவாய் மணலில் எழுதுவதற்கு ஒப்பாகும். கொழுப்புச் சங்கிலியிற் காபனோடு பிணைந்ததோ அவ்வளவு எளிதில் இடம்பெயராது.

உடற்கொழுப்பு, பஞ்சகாலத்துக்கென மூடிவைத்த நெற்களஞ்சியம் போன்றது என்பதே அக்காலத்து அறிஞர் பலரின் கருத்து. அன்றன்று உண்ட கொழுப்பு அன்றன்றே எரியும். மிகுதி வந்தாலன்றிக் களஞ்சியம் திறவாது என்றனர். பொருத்தமான எண்ணந்தான், ஆயினும் எவரும் அதனைச் சோதித்திருக்கவில்லை.

குறியிட்ட கொழுப்பைச் சிறிதளவே கலந்து சுண்டெலிகளுக்கு ஊட்டினர்; அவை கொழுத்துவிடாத அளவுக்கே உணவு கொடுத்தனர். சில நாட்களின் பின் அவற்றின் உடற்கொழுப்பைப் பிரித்தெடுத்து எரித்தனர். எரிதலால் உண்டாகும் நீரிலே பார ஐதரசன் இருப்பின் அந்நீர் சற்றே கனக்கும். (தூய பாரநீர் சாதாரண நீரிலும் ஏறத்தாழ 11 வீதம் அடர்த்தி கூடியது, அதன் பனிக்கட்டி நம் குவளை நீரில் மிதவாது, அமிழ்ந்துவிடும்.)

நீர் கனத்தது! குறியிட்ட கொழுப்பின் பெரும்பகுதி களஞ்சியத்துள்ளேயே இருந்தது. எலிகளோ கொழுக்கவில்லை. ஆகவே, புதியது புகப்புகப் பழையது வெளியேறி எரிந்திருத்தல் வேண்டும். களஞ்சியம் ஒருநாளும் மூடியிருக்கவில்லை! 1937இல் இன்னொரு புதுமையும் புலனாயிற்று: தியரிக்கமிலத்தில் இட்ட குறி பாமிற்றிக்கமிலத்தில் வெளிப்பட்டது. உடல் ஒரு கொழுப்பை வெட்டி வேறொன்றாக ஆக்கிக்கொள்கின்றது.

குறியிடும் இம்முறை இன்று வீட்டுவாயில்வரை வந்துள்ளது. பச்சிளங்குழந்தை எவ்வளவு பால் அருந்துகின்றது என்பதை அறிய, தாய்க்குச் சிறிதளவு பாரநீர் பருகக் கொடுக்கின்றனர். அது பாலின் வழியே குழந்தையைச் சேரும். இரு வாரங்களுக்கு இருவரின் உமிழ்நீரையும் இடையிடையே சோதித்து, அருந்திய பாலின் அளவைக் கணிக்கின்றனர். தாய்ப்பாலன்றி வேறு நீர் புகட்டப்பட்டிருப்பின் அதுவும் கணக்கிலே தெரிந்துவிடும். பாட்டியார் இரகசியமாக ஊட்டிய கற்கண்டு நீரும் தப்பாது.