48 மணி நேரம் சரி, 48ஆம் நாள்?

கொஞ்சம் நீளமான பதிவு. உங்க வீட்டில் யாராவது விபத்தில் அடிபட்டுப் பிழைத்து வந்திருந்தால் பொறுமையா முழுசும் படிங்க.

போன வருஷம் ஒருத்தர் வந்தார். அவர் யாருன்னு தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயசுக்குப் பக்கம், பால் வண்டி ஓட்டுபவர். "வாயுத் தொல்லை சார். நெஞ்சு படபடன்னு அடிக்குது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல." இசிஜி நார்மல், சுகர் நார்மல், தைராய்டு நார்மல். இது அவர் என்கிட்ட வந்த ரெண்டாவது தடவை. முதல் தடவை கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியது நான்தான்.

இந்தத் தடவை மனைவியும் கூட வந்திருந்தார். எழுந்து போகும்போது அவர்தான் சொன்னார். "பைபாஸ் பாலம் வழியா வந்தா பத்து நிமிஷம் சார். இவரு ஊரையே சுத்திக்கிட்டு முக்கா மணி நேரம் வர்றாரு. கேட்டா கத்துறாரு."

உட்காரச் சொல்லிக் கேட்டேன். மூணு மாசத்துக்கு முன்னாடி அந்தப் பாலத்தில் லாரி இடிச்சு காறை எலும்பு முறிஞ்சிருக்கு. கூட வந்த பையன் பிழைக்கல. எலும்பு கூடிடுச்சு, வேலைக்கும் திரும்பிட்டார். ஆனால் ஏர் ஹாரன் கேட்டா உடம்பே விறைச்சுப் போகுது. கண்ணை மூடினா அந்த ஹெட்லைட். டீசல் வாடை வந்தா வாந்தி. 'நான் ரெண்டு நிமிஷம் முன்னாடி கிளம்பியிருந்தா அவன் இருந்திருப்பானே'ன்னு ஒரே நினைப்பு.

இதுக்குப் பேர் வாயு இல்லை. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல், சுருக்கமா பி.டி.எஸ்.டி. போருக்குப் போன ராணுவ வீரர்களுக்கு மட்டும் வருவது என்று பலர் நினைக்கிறோம். சுனாமி, வெள்ளம், தீ விபத்து, பாலியல் வன்முறை, ஐசியூவில் கிடந்த நாட்கள், எதற்குப் பிறகும் வரலாம். நம்ம ஊரில் ரொம்பச் சாதாரணமா நடப்பது சாலை விபத்து என்பதால் அதை வைத்தே பேசுகிறேன். 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64 ஆயிரத்துக்கும் அதிகமான சாலை விபத்துகள். இறந்தவர்கள் 17 ஆயிரத்துக்கும் மேல். மீதிப் பேர்? கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க. அவங்க கணக்கை நாம் அதோடு முடிச்சுடுறோம்.

2021 டிசம்பரில் ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரத்துக்குக் காசு கேட்காமல் சிகிச்சை தருகிறது. அருமையான திட்டம், அதில் எனக்கு ரெண்டாவது கருத்தே இல்லை. என் ஆதங்கமெல்லாம் 48ஆம் நாளைப் பற்றி. அன்னைக்கு அந்த மனுஷன்கிட்ட "தூங்குறியாப்பா?"ன்னு கேட்க ஒருத்தர் இல்லை. ரிவியூவுக்குப் போனால் நாங்களும் எக்ஸ்ரேயைத்தான் பார்க்கிறோம்.

வீட்டிலோ நாம் செய்யுறது தலைகீழ்.

முதல் வாரம் ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸோடு சொந்தபந்தம் அத்தனையும் வரும். வந்தவுடனே, "எப்படிப்பா நடந்துச்சு?" ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்கு அதே கதையை முதலிலிருந்து சொல்லணும். போதாக்குறைக்குப் பக்கத்துக் கடை சிசிடிவி வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பாரு, சாமிதான் உன்னைக் காப்பாத்துச்சு" என்பார்கள். பேச விரும்பாதவரைத் தோண்டித் தோண்டிச் சொல்ல வைப்பது உதவாது. சிலருக்குக் கெடுதலாகவே முடியும். அதிர்ச்சிக்கு ஆளான எல்லாரையும் உடனே உட்கார வைத்து நடந்ததைச் சொல்ல வைக்கும் முறையைச் செய்ய வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

சரி, ஒரு மாசம் கழிச்சு? இப்போதான் அவருக்குப் பேசணும் போல இருக்கும். செத்துப்போன பையனைப் பற்றி, தன் மேல் இருக்கும் குற்ற உணர்ச்சியைப் பற்றி. வாயைத் திறந்தால் வீடே சேர்ந்து சொல்லும்: "அதையே ஏன் நினைச்சுக்கிட்டு? மறந்துடு. உசுரு பொழைச்சதே பெருசு."

'மறந்துடு' என்பதை அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் கேட்பவர் காதில் அது 'இனிமே இதைப் பேசாதே' என்றுதான் விழுகிறது. மறக்கிறது அவர் கையில் இருந்தால் எப்பவோ மறந்திருப்பாரே!

என் கருத்து, இந்த வரிசையை மாற்றணும். முதல் சில வாரம் கேள்வி வேண்டாம். சாப்பாடு, தூக்கம், வலிக்கு மருந்து, கூட ஒரு ஆள், மருந்துக்கடை, இன்சூரன்ஸ் அலைச்சலை வேற யாராவது பார்த்துக்கிறது, இது போதும். அவரே பேசினால் கேளுங்க, பேசலைன்னா விடுங்க. முதல் வாரங்களில் திடுக்கிட்டு எழுவதும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலானவர்களுக்கு வரும், தானாகக் குறையும். அதை நோய்னு சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால்தான் அது வேற விஷயம். அப்போது கேளுங்க. "இப்பவும் அது கண்ணு முன்னாடி வருதா?" இந்த ஒரு கேள்வி போதும். பதில் வந்தால் அறிவுரை சொல்லாமல் உட்கார்ந்து கேளுங்க. 'உன் தப்பு இல்ல'ன்னு பத்து தடவை வாதாடக்கூட வேண்டாம். "அந்தப் பையன் நினைப்பு வரத்தான் செய்யும்"னு ஒரு வார்த்தை சொன்னாலே அவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் என்கிட்ட அதிகம் கேட்பது ராத்திரியைப் பற்றி. கெட்ட கனவில் கத்தினால் பிடித்து உலுக்காதீங்க. தூக்கக் கலக்கத்தில் கையை வீசிடுவார், அப்புறம் அதுக்கு வேற அழுவார். லைட்டைப் போட்டு, ரெண்டடி தள்ளி நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. "நம்ம வீட்லதான் இருக்கீங்க, நான்தான்" என்று சொல்லுங்க. பகலில் பின்னாடி வந்து தோளில் தட்டுவது, விளையாட்டுக்கு 'பே'ன்னு கத்துவது வேண்டவே வேண்டாம். தீபாவளிக்கு முன்னாடியே பட்டாசு பற்றிப் பேசி வைங்க. சத்தம் வரப்போகுதுன்னு தெரிந்தாலே பாதிப் பயம் குறையும்.

அடிபட்டவருக்கு: அந்தக் காட்சி திடீர்னு வந்து அடிக்கும்போது, வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தால் முதலில் ஓரம் கட்டுங்க. கண்ணில் தெரியும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லுங்க. கையில் படும் நாலு, காதில் கேட்கும் மூணு. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நிதானமா, நீளமா விடுங்க. 'அது அன்னைக்கு, இது இன்னைக்கு'ன்னு உடம்புக்குப் புரிய வைக்கும் வேலை இது. நம்ம பால்காரர் தனக்குன்னு ஒரு வழி கண்டுபிடிச்சார். குளிர்ந்த பால் கேனை ரெண்டு கையாலும் பிடிச்சுக்குவார். எந்தப் புத்தகத்திலும் கேன் என்று போட்டிருக்காது, ஆனால் சங்கதி அதுதான்.

ரெண்டு விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன்.

ஒண்ணு, குவார்ட்டர். "தூக்கத்துக்காக மட்டும்தான் சார்." அந்தத் தூக்கம் பாதி ராத்திரியில் கலைந்துவிடும். மூணு மாசத்தில் ரெண்டு நோயாகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளும் அதே ரகம். பழக்கமாகும், அடிப்படை நோயைத் தொடக்கூடத் தொடாது.

ரெண்டு, சுத்து வழி. பாலத்தைத் தவிர்த்தால் அன்னைக்கு நிம்மதி. மறுநாள் பயம் இன்னும் ஒரு சுற்று பெருக்கும். அப்புறம் பைபாஸையே தவிர்ப்பீங்க, அப்புறம் வண்டியை, அப்புறம் வீட்டை விட்டு வெளியே வருவதையே. அதுக்காக மச்சான் வந்து "வா, பயம் தெளியட்டும்"னு பின்சீட்டில் ஏற்றிப் பாலத்துக்கு இழுத்துக்கிட்டுப் போவது வைத்தியம் ஆகாது. இதைப் படிப்படியா, அவர் சம்மதத்தோடு, முடிந்தால் ஒரு உளவியலாளர் துணையோடு செய்யணும். இவர் முதலில் பாலம் தெரியும் டீக்கடையில் போய் நின்றார். படபடப்பு வந்தது. ஓடிவராமல் அது தணியும்வரை நின்றார். அப்புறம் நடந்து கடந்தார். அப்புறம் பகலில் ஒருத்தர் பின்னால் உட்கார்ந்து. கடைசியில்தான் தானே ஓட்டினார். மூணு மாசத்துக்கு மேல் ஆச்சு. ராத்திரியில் இப்பவும் சுத்துதான். பரவாயில்லை.

வேப்பிலை அடிப்பது, மந்திரிப்பது, தர்காவில் ஓதுவது பற்றிக் கேட்பீங்க. மனசுக்குத் தெம்பு வந்தால் தாராளமா போங்க, நான் சண்டைக்கு வரமாட்டேன். போயிட்டு ஆஸ்பத்திரிக்கும் வாங்க.

ஏன்னா இதுக்குச் சிகிச்சை இருக்கு, பலன் தருகிற சிகிச்சை. அந்த நினைவைப் பாதுகாப்பாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சு சிகிச்சைகள் முதல் இடம். தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கு. தலையில் அடிபட்டவர் என்றால் தலைவலி, மறதி, எரிச்சல் எல்லாவற்றையும் மனசு மேல் போட்டுவிடாமல் மூளைக் காயத்தையும் பார்க்கச் சொல்லுங்க. சாகணும் போல இருக்குன்னு பேச ஆரம்பித்தால் ஒரு மாதக் கணக்கெல்லாம் கிடையாது. அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க, தனியா விடாதீங்க.

வீட்டம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. அவர் கத்துவது நோயாக இருக்கலாம். அதுக்காக அடியை வாங்கிக்கிட்டு இருக்கணும்னு இல்லை. உங்களுக்கும் தூக்கம் போயிருக்கும். வாரத்தில் ஒரு நாள் மாமியாரோ தம்பியோ அவரோடு இருக்கட்டும், நீங்க அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வாங்க.

ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு அடம்பிடிக்கிறவர்களுக்கு 14416, டெலிமானஸ். 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். பெரிசா எதுவும் விளக்க வேண்டாம். "ஆக்சிடெண்ட் ஆகி இத்தனை நாள் ஆச்சு, இன்னும் தூக்கம் வரல"ன்னு ஆரம்பிச்சா போதும், மீதியை அவங்களே கேட்டுக்குவாங்க. அவர் பேச மாட்டேன்னா நீங்களே கூப்பிட்டு என்ன செய்யலாம்னு கேட்கலாம்.