"ஒன்றுமில்லை" என்பது ஒரு வைத்தியமா?

மலையகத் தோட்டமொன்றில் எமக்குத் தெரிந்த தாய் ஒருவர் இருக்கிறார். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகக் கொழுந்து பறிப்பவர். இடுப்பிலே தொடங்கிய வலி இப்போது கால்வரை இறங்கிவிட்டது. விடியுமுன் எழுந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, நகரத்து வைத்தியசாலையில் துண்டு எடுத்து, வரிசையில் காத்திருந்து, வைத்தியரைக் காணும்போது பதினொரு மணியாகிவிடுகிறது. கிடைப்பது இரண்டே நிமிடம். எக்ஸ்றே படத்தைத் தூக்கிப் பார்த்த வைத்தியர் "ஒன்றுமில்லை" என்கிறார். கொஞ்சம் பனடோலுடன் தாய் லயத்துக்குத் திரும்புகிறார். அன்றைய பேரும் போய்விட்டது.

"அப்ப, நான் பொய்யா சொல்றேன்?" என்று அவர் எம்மைக் கேட்டார். வலியைவிட இந்தக் கேள்வியே அவரை அதிகம் வருத்துகிறது என்பதை நாம் கண்டோம்.

அவர் பொய் சொல்லவில்லை. எக்ஸ்றே எலும்பைக் காட்டும். நரம்பையும் தசையையும் அது தெளிவாகக் காட்டுவதில்லை. படத்தில் பழுது இல்லையென்பதால் உடலில் வலி இல்லையென்று ஆகிவிடாது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவம் நாட்பட்ட வலி என்கிறது. முதற்காயம் ஆறிய பின்னரும் நரம்புத் தொகுதி விழிப்பு நிலையிலேயே நின்றுவிடலாம். கள்ளன் ஓடிய பிறகும் குரைப்பை நிறுத்தாத காவல் நாயைப் போன்றது அது. குரைப்பு உண்மையானது, நாயை அதட்டி அதை அடக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 11ஆம் திருத்தம் நாட்பட்ட வலிக்குத் தனியிடமே கொடுத்திருக்கிறது. வலி பற்றிய சர்வதேச ஆய்வுச் சங்கமும் 2020இல் தனது வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அச்சொல் மதிக்கப்பட வேண்டும் என்றும், சொல்ல இயலாமை வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது என்றும் குறிப்பிட்டது.

சொல்ல இயலாமை! எமது மக்களுக்கு இது நன்கு பழகிய துன்பம். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் எத்தனை கிளினிக்குகளில் ஒரு தாய் தனது வலியைத் தமிழிலே சொல்லித் தீர்க்க முடிகிறது? குத்துகிறதா, எரிகிறதா, விறைக்கிறதா, இழுக்கிறதா என்பதிலேதான் நோயின் குறிப்பே அடங்கியிருக்கிறது. மொழி தெரியாதபோது அவை அத்தனையும் "வலி" என்ற ஒரு சொல்லாகச் சுருங்கி, அதுவும் பொருளற்றுப் போய்விடுகிறது.

வைத்தியர்களை மட்டும் குற்றஞ்சாட்ட நாம் விரும்பவில்லை. ஒரு காலையில் நூற்றுக்கணக்கானோரைப் பார்ப்பவரிடம் நேரம் எங்கிருந்து வரும்? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். எஞ்சியோரின் சுமை கூடியது. ஆனால், "எனக்குக் காரணம் தெரியவில்லை" என்று சொல்ல இரண்டு நிமிடம் தேவையில்லை. "ஒன்றுமில்லை" என்பதற்கும் "இன்னும் கண்டுபிடிக்கவில்லை" என்பதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான தூரம் உண்டு.

வீட்டிலும் நாம் குற்றமற்றவர்களா? வலிக்கிறது என்று படுத்த மருமகளைச் சோம்பேறி என்று சொன்ன வாய்கள் எத்தனை? சரிவிலே நின்று, தலையிலே கயிறு மாட்டிய கூடையின் பாரத்தை நெற்றியும் கழுத்தும் முதுகும் தாங்க, நாள் முழுவதும் உழைக்கும் உடல் அது. நிறை குறைந்தால் அரைப்பேர் போடுகின்ற நிர்வாகங்களும் அந்த உடலை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, எந்த வேலையைத் தடுக்கிறது என்பதைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதிவைப்போம். மொழி தெரிந்த ஒருவரைக் கிளினிக்குக்குத் துணையாக அனுப்புவது மாதர் சங்கங்களின் பணியாகட்டும். கடையில் வாங்கும் வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதை எல்லோருக்கும் சொல்வோம். நாட்கணக்கில் படுத்தே கிடப்பதும் முதுகு வலிக்கு மருந்தல்ல. இயன்ற அளவு மெல்ல நடப்பதே நல்லது. கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, வலியோடு காய்ச்சலும் உடல் மெலிவும் கண்டாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அப்போது "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பினாலும் மீண்டும் போக வேண்டும்.

அந்தத் தாய் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது எம்மில் ஒருவர் கூடப் போகிறோம். அவருடைய வலி தீருமா என்பதை நாம் அறியோம். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பதை அந்த அறையிலே சொல்வதற்கு ஒரு சாட்சியாவது இருக்கும்.