ஓராண்டுக் கெடுவும் மீன்பிடி உரிமையும்

மீன்பிடி உரிமம் மறுக்கப்பட்டவரோ, மீன்பாசி குத்தகை கைமாறியதால் ஏரிக்கரையிலிருந்து விரட்டப்பட்டவரோ நம்மிடம் வரும்போது, நாம் முதலில் கேட்பது தேதியைத்தான். மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1993, பிரிவு 36(2)-இன்படி, மீறல் நடந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து ஓராண்டு கடந்துவிட்டால் தேசிய ஆணையமும் மாநில ஆணையமும் அதை விசாரிக்க முடியாது. எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அந்தப் பிரிவு தரவில்லை.

சந்தவாசலை அடுத்த ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கு வேறொரு சட்டம் துணை நிற்கிறது. வன உரிமைச் சட்டம், 2006, பிரிவு 3(1)(ஈ) வனநிலத்து நீர்நிலைகளின் மீன் மீதான உரிமையைச் சமூக உரிமையாக ஏற்கிறது. கோரிக்கை மனுக்களுக்கு விதி 11 தரும் அவகாசம் மூன்று மாதம். தேவையென்று கருதினால், காரணத்தை எழுதிப் பதிவு செய்து கிராம சபையே அதை நீட்டிக்கலாம். ஒரு மலைக்கிராமத்தின் சபைக்கு ஒன்றிய அரசின் விதிகள் நம்பிக் கொடுத்த அதிகாரம், ஓய்வுபெற்ற நீதிபதிகள் அமரும் ஆணையத்துக்கு இல்லை.

பிரிட்டனின் மனித உரிமைச் சட்டமும் ஓராண்டுக் கெடுவைத்தான் விதிக்கிறது. ஆனால் சூழ்நிலைகளைப் பார்த்து, நியாயமென்றால் அதை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. செவர்ன் கழிமுகத்தில் சால்மன் பிடித்த ஒருவருக்கு 2012-இல் 30 மீன் என்று உரிமத்தில் உச்சவரம்பு வைத்தது சொத்துரிமை மீறல் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்ததையும் நம் வாதங்களில் எடுத்துக்காட்டலாம்.

சட்டம் மாறும்வரை நம் கையில் உள்ள வழிகள் சில. 'தொடர் மீறல்' என்று எழுதினால் மட்டும் போதாது. தொடரும் தீங்கு வேறு, முடிந்துபோன தீங்கின் தொடரும் விளைவு வேறு என்று நம் உச்ச நீதிமன்றம் 1959-லேயே பிரித்துக் காட்டியிருக்கிறது. எனவே ஒவ்வொரு பருவத்திலும் கட்சிக்காரரை எழுத்து மூலம் உரிமம் கேட்கச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். புதிய மறுப்பைப் புதிய செயலாக வாதிட அதுவே அடிப்படை. வன உரிமைச் சட்டம் எட்டாத சமவெளி ஏரிகளுக்கு அரசமைப்பின் 226-ஆவது உறுப்பு இருக்கிறது. அதில் நிலையான காலவரம்பு இல்லை. தாமதத்துக்கான விளக்கம் மட்டும் வலுவாக இருக்க வேண்டும். 2012-இல் துக்காராம் கானா ஜோஷி வழக்கில், எளிய விவசாயிகளின் தாமதத்தைக் காட்டி அரசு தப்பிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்தது. அத்தனை வலிமை பெற்ற மன்றத்தின் கதவு ஓராண்டோடு அடைபடுவது நீதியாகாது. 'போதிய காரணம் இருப்பின், அதை எழுத்தில் பதிவு செய்து காலத்தை நீட்டிக்கலாம்' என்ற ஒற்றை வரியைப் பிரிவு 36(2)-இல் சேர்க்க வேண்டும். வழக்கறிஞர் சங்கங்கள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி ஒன்றிய அரசுக்கு அனுப்ப வேண்டும்.