இரண்டு சபாபதிகள்



முதலாண்டு, ஃபிட்டிங் ஷாப், முதல் நாள். "தம்பி, அந்த ஃபைலக் கொண்டா" என்றார் ஒர்க்‌ஷாப் சார். ஓடினேன். அவர் மேஜையில் இருந்த அட்டென்டன்ஸ் ஃபைலை எடுத்து, இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினேன். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. சார் கேட்டது அரத்தை! அரம் என்று சொல்லியிருந்தால் எனக்கா தெரியாது? எங்கள் தெருப் பட்டறையில் அரம் வைத்து ராவுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

"சரியான சபாபதிடா நீ" என்று சாரும் சிரித்தார். அந்தப் பெயரே எனக்கு நிலைத்துவிட்டது.

யார் இந்தச் சபாபதி என்று விசாரித்தேன். 1941-இல் வந்த படம் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் பார்த்த பிறகு எனக்குள் ஒரு கேள்வி. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

முதலில் படத்தைப் பற்றி. தமிழ் சினிமா பேச ஆரம்பித்து அப்போது பத்து வருடம்தான். பெரும்பாலும் புராணக் கதைகள், ராஜா ராணிக் கதைகள். காமெடி என்பது கதைக்கு நடுவே போட்ட ஒட்டு. அந்த நேரத்தில் முழுப் படத்தையும் சிரிப்பை நம்பியே எடுத்தார் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். ஏ.வி.எம். என்ற பெயர் பிறக்கும் முன்பே, பிரகதி கம்பெனிக் காலத்தில் எடுத்தது. ஏ.டி. கிருஷ்ணசாமியும் சேர்ந்து டைரக்ட் செய்தார். கதை பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். நாடகக்காரர்களைக் 'கூத்தாடி' என்று கேவலமாகப் பேசிய காலத்தில், 1891-லேயே சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் அவர். தொழிலோ வக்கீல். பின்னால் நீதிபதி.

கதை ரொம்ப சிம்பிள். பணக்கார வீட்டுப் பிள்ளை சபாபதி முதலியாராக டி.ஆர். ராமச்சந்திரன், முட்டைக் கண்ணை உருட்டிக்கொண்டு வருகிறார். படிப்பு ஏறவில்லை. அவருடைய வேலைக்காரன் பெயரும் சபாபதிதான். காளி என். ரத்தினம் நடித்தது. எஜமான் வாயிலிருந்து வரும் வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் குட்டிச்சுவராக்குவது அவன் வேலை. நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கும் தமிழ் வாத்தியார், கே. சாரங்கபாணி.

இப்போது என் கேள்வி. இரண்டு பேருக்கும் ஏன் ஒரே பெயர்? குழப்பத்தை உண்டாக்கத்தான் என்பார்கள். இருக்கலாம். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. இரண்டு பேரும் அசடுதான். ஒருவனுக்குப் பள்ளிக்கூடம், வாத்தியார், புஸ்தகம் எல்லாம் கிடைத்தது. மற்றவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவன் பெயிலாகக்கூட வழி இல்லை, பரீட்சை எழுதினால்தானே! படம் முடிந்ததும் அம்மா சொன்னாள்: "படிக்க வச்சும் பெயிலாகுறவன் மொதலாளி. இவன் பாவம்யா, இவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தாக?" பட்டாசு ஆலையில் கூலிக்குப் போகும் அம்மாவுக்குப் பட்டது, எனக்கு முதலில் படவில்லை.

இன்னொரு வேடிக்கை. அசட்டு வேலைக்காரனாக நடித்த காளி என். ரத்தினம் நிஜத்தில் ஓர் ஆசிரியர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பையன்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர். அங்கே படித்த பையன்களில் ஒருவர் எம்.ஜி.ஆர். வாத்தியாருக்கே வாத்தியார்!

"காமெடியக் காமெடியாப் பாருடா, ஆராய்ச்சி பண்ணாத" என்கிறான் என் அறை நண்பன். சரி. நானும் சிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. என் ஃபைல் கதையை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அன்றைக்கு அந்தச் சிரிப்புக்குப் பிறகு இரண்டு மாதம் நான் யாரிடமும் சந்தேகமே கேட்கவில்லை. புரியாததற்கும் தலையாட்டினேன். அதுதான் ஆபத்து.

நான் அச்சங்குளத்துக்காரன். எங்கள் ஊரில் 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி பட்டாசு ஆலை வெடித்ததை யாரும் மறக்க முடியாது. மருந்தோடு புழங்குகிற இடத்தில், "புரியலண்ணே, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கேட்கும் தைரியம் ஒருவனுக்கு வேண்டும். கேட்டால் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டால் உயிருக்கே வினை. நமது லேத் மெஷினும் அப்படித்தான். சக் சாவியை எடுக்காமல் சுவிட்சைப் போட்டால், அது நம்மைப் பார்த்துச் சிரிக்காது.

தோழர்களே! வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நமக்கு வீட்டில் 'ஃபைல்' என்று சொல்லித்தர ஆள் கிடையாது. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. தெரியாதவன் சபாபதி என்றால், தெரிந்துகொள்ள வந்த நாம் எல்லோரும் சபாபதிகளே.

அடுத்த வருடமும் புதுப் பையன்கள் வருவார்கள். அரம் கேட்டால் எவனாவது ஒருவன் அட்டை ஃபைலோடு வந்து நிற்பான். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, அரத்தை எடுத்து அவன் கையில் கொடுத்து, பிடிக்கிற விதத்தையும் காட்டுவேன். சாயங்காலம் 'சபாபதி' பார்க்கக் கூப்பிடுவேன். நீங்களும் வாருங்கள்!