நல்லெண்ணத்தில் முடிவெடுத்த அதிகாரியைத் தண்டிக்கக் கூடாது. இழப்பை அரசே ஏற்க வேண்டும்

ஹூஸ்டனிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வாழும் தமிழர்களின் அமைப்பு என்ற முறையில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். 2025 ஜூலை 4 அன்று குவாதலூப் உள்ளிட்ட ஆறுகளில் திடீரென வந்த வெள்ளம் மத்திய டெக்சாஸில் 130க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பின் மாநிலம் முழுவதும் ஒரே கேள்விதான்: யார் பொறுப்பு? குற்றம் யாருடையது என்று தேடுவது தோற்றவர்களின் பேச்சு என்றார் ஆளுநர் கிரெக் அபாட். இன்னொரு பக்கம், கெர் கவுன்டியின் உள்ளூர் அதிகாரிகள் சிலர் மீது மட்டும் பழி முழுவதையும் ஏற்றும் பேச்சு கிளம்பியது. இரண்டுமே எங்களுக்கு ஏற்புடையவை அல்ல. பிள்ளையை இழந்த பெற்றோர் பொறுப்பு யாருடையது என்று கேட்கத்தான் செய்வார்கள். அந்தக் கேள்வி சரியான வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே எங்கள் கவலை.

எங்கள் நிலைப்பாடு இது. கையில் இருந்த தகவலை வைத்து, உரிய கவனத்தோடு, சுயலாபம் பார்க்காமல், காரணத்தை எழுதிவைத்து ஓர் அதிகாரி முடிவெடுத்திருந்தால், அந்த முடிவு பின்னால் தவறாகிப் போனாலும் அவர் மீது தனிப்பட்ட வழக்கோ குற்ற நடவடிக்கையோ மிரட்டலோ பாயக் கூடாது. அந்த முடிவால் வீடு வாசலை இழந்தவருக்கு அரசு தன் கருவூலத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும். முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறுக்கும் சட்டம் எங்கே இருந்தாலும் அதை எதிர்ப்போம்.

இதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு வந்தது 2017 ஆகஸ்டில். எங்கள் உறுப்பினர்களில் கேட்டி, சின்கோ ரேஞ்ச் பக்கம் குடியிருப்பவர்களும் உண்டு; கிழக்கே எனர்ஜி காரிடார், மெமோரியல் பக்கம் குடியிருப்பவர்களும் உண்டு. ஹார்வி புயலின்போது மேற்கே இருந்தவர்கள் வீட்டில் தண்ணீர் ஏறியதற்குக் காரணம், அணையில் நீரைத் தேக்கி வைத்தது. கிழக்கே இருந்தவர்கள் வீட்டில் ஏறியதற்குக் காரணம், மதகைத் திறந்தது. ஒரே அமைப்பின் கூட்டத்தில் இந்த இரு தரப்பும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1929, 1935 ஆண்டுகளின் வெள்ளங்களுக்குப் பிறகு ஹூஸ்டன் நகரைக் காப்பாற்ற ராணுவப் பொறியாளர் படை 1940களில் ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு மண் அணைகளைக் கட்டியது. சாதாரண நாளில் அவற்றில் தண்ணீர் இருக்காது. நம் குடும்பங்கள் நடைப்பயிற்சிக்குப் போகும் ஜார்ஜ் புஷ் பூங்கா, பார்க்கர் நீர்த்தேக்கத்தின் உள்ளேதான் இருக்கிறது. அணை நிரம்பினால் தண்ணீர் எதுவரை பரவுமோ அதுவரையுள்ள நிலம் முழுவதையும் அரசு வாங்கவில்லை. ஒரு மட்டம் வரை வாங்கிவிட்டு நிறுத்திக்கொண்டது. அந்த மட்டத்துக்கு மேலே, ஆனால் தேக்கத்தின் எல்லைக்குள்ளேயே, பின்னாளில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பின. ஃபோர்ட் பெண்ட் கவுன்டியின் மனை வரைபடங்கள் சிலவற்றில், பொறியாளர் படையின் கட்டுப்பாட்டில் இந்த இடம் நீண்ட நாள் நீரில் மூழ்கக்கூடும் என்று ஒரு குறிப்பு இருந்தது. வீடு வாங்கும் நாளில் கையெழுத்திட நீட்டப்படும் காகிதக் கட்டில் அதைத் தேடிப் படித்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆகஸ்ட் 25 இரவு ஹார்வி கரை கடந்தது. மழை நான்கு நாளுக்கு விடவில்லை. பொறியாளர் படையின் கால்வெஸ்டன் அலுவலகத்துக்கு அப்போது கர்னல் லார்ஸ் செட்டர்ஸ்ட்ராம் தலைவர். நீர்மட்டம் மணிக்கு அரை அடிக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. மதகைத் திறக்காவிட்டால் அணையின் ஓரங்களைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் கட்டுப்பாடில்லாமல் போகும்; திறந்தால் பஃபலோ பாயூ கரையில் இருப்பவர்கள் வீட்டுக்குள் போகும். இந்த அணைகள் மிக அதிக ஆபத்துள்ளவை என்று அதே படை சில ஆண்டுகளுக்கு முன்பே வகைப்படுத்தியிருந்தது. 28ஆம் தேதி அதிகாலை, முன்பு அறிவித்த நேரத்துக்கும் முன்னதாகவே, மதகுகள் திறக்கப்பட்டன. வழக்கமாக வினாடிக்கு 2,000 கன அடிக்குள் வைத்திருக்கும் வெளியேற்றம் 13,000 கன அடியைத் தாண்டியது. அப்படியும் மறுநாள் ஆடிக்ஸ் அணையின் வடக்கு ஓரத்தைச் சுற்றித் தண்ணீர் வழிந்தது. அந்த அணையின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

அந்த இரவில் முடிவெடுத்தவர்கள் மீது தனிப்பட்ட முறையில் நஷ்டஈட்டு வழக்கு போட முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திறந்தாலும் வழக்கு, மூடினாலும் வழக்கு. அந்த நிலையில் இருப்பவர் வாஷிங்டனிலிருந்து எழுத்துபூர்வமாக உத்தரவு வரட்டும் என்று உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் உத்தரவுக்காகக் காத்திருக்காது. நல்லவேளையாக, அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று கூட்டாட்சி ஊழியர் பணியில் செய்த தவறுக்கான நஷ்டஈட்டு வழக்கில் அவரை விலக்கிவிட்டு, அவருக்குப் பதிலாக நாட்டையே பிரதிவாதியாக நிறுத்துகிறது. ஹார்வி வழக்குகளும் அமெரிக்க அரசின் மீதுதான் தொடரப்பட்டன. எந்தப் பொறியாளரும் தன் சேமிப்பைப் பணயம் வைக்க வேண்டியிருக்கவில்லை. இது சரியான ஏற்பாடு. இதைத் தளர்த்த யார் முயன்றாலும், வெள்ளத்தில் நனைந்த எங்கள் உறுப்பினர்களும் சேர்ந்தே அதை எதிர்ப்பார்கள்.

அரசு என்ன செய்தது என்பதில்தான் எங்களுக்கு மனத்தாங்கல். 1928ஆம் ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெள்ளநீரால் வரும் எந்தச் சேதத்துக்கும் அமெரிக்க அரசு பொறுப்பல்ல என்கிறது. அதனால் மக்கள் அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது: தனியார் சொத்தைப் பொதுப் பயனுக்கு எடுத்தால் ஈடு கொடு. 2019 டிசம்பரில் நீதிபதி சார்ல்ஸ் லெட்டோ, மேற்கே இருந்தவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். கிழக்கே இருந்தவர்களின் வழக்கை 2020 பிப்ரவரியில் நீதிபதி லோரன் ஸ்மித் தள்ளுபடி செய்தார். 2022 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி மறுபடி விசாரிக்கச் சொன்னது. லெட்டோவின் தீர்ப்பை ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். அதில் அந்த ஒரு இரவின் முடிவு குற்றமாகவில்லை. நிலத்தை முழுதாக வாங்காமலே அதைத் தேக்கமாகப் பயன்படுத்தும் திட்டம் பல பத்தாண்டுகளாக அரசிடம் இருந்தது என்பதே தீர்ப்பின் அடிப்படை. மதகு திறந்தவரைத் தூற்றிக்கொண்டிருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்காது.

ஆனால் 2017இல் வீடு மூழ்கியவர்களில் மாதிரியாக எடுத்துக்கொண்ட ஆறு சொத்துகளுக்கு ஈட்டுத்தொகை கணக்கிடப்பட்டதே 2022இல்தான். அதற்கும் மேல்முறையீடு. சுவர்ப் பலகையைப் பெயர்த்தெடுத்து, ஊறிப்போன மெத்தையையும் பீரோவையும் தெருவோரம் குவித்து, காப்பீடு இல்லாமல் கடன் வாங்கி வீட்டை மீட்ட குடும்பத்துக்கு இந்தக் காலதாமதமே ஒரு தண்டனை.

மாநிலச் சட்டங்களில் எங்கள் குறை இன்னும் கூர்மையானது. நியூ ஜெர்சியின் 1972ஆம் ஆண்டுச் சட்டம், நல்லெண்ணத்தோடு சட்டத்தை நிறைவேற்றும் பொது ஊழியர் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பல்ல என்கிறது. மோசடி, வன்மம், வேண்டுமென்றே செய்த தவறு ஆகியவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் தெளிவாகச் சொல்கிறது. நல்ல எல்லைக்கோடு. ஆனால் அதே சட்டம், ஊழியர் பொறுப்பல்ல என்றால் அவரை வேலைக்கு வைத்த அரசு அமைப்பும் பொறுப்பல்ல என்று முடித்துவிடுகிறது. கலிபோர்னியாவின் அரசுச் சட்டத்தொகுப்பிலும் 820.2ஆம் பிரிவு அதிகாரியின் விருப்புரிமை முடிவுகளைக் காக்க, 815.2ஆம் பிரிவு அந்தக் காப்பையே நகராட்சிக்கும் கவுன்டிக்கும் நீட்டித்துவிடுகிறது. நேர்மையான ஊழியருக்காகச் செய்த கேடயம் கருவூலத்துக்குக் கேடயமாகிறது. இழந்தவர் வெறுங்கையோடு நிற்கிறார். கேட்க யாருமே இல்லை என்று ஆனபின் அவர் கோபம் அந்த ஊழியரின் முகத்தையும் பெயரையும்தான் தேடிப் போகும்.

டெக்சாஸில் 2003இல் திருத்திய சட்டப்படி, பணியின் எல்லைக்குள் செய்ததற்காக ஊழியர் மீது போட்ட வழக்கு அரசு அமைப்பின் மீது போட்டதாகவே கொள்ளப்படும். இந்தத் திசை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அரசு அமைப்பின் மீது என்னென்ன காரணத்துக்கு வழக்குப் போடலாம் என்ற பட்டியல் மிகக் குறுகியது: வாகனம், இயந்திரம், கட்டடம் என்று சிலதான். நியூ மெக்சிகோ 2021இல் கொண்டுவந்த குடிமை உரிமைகள் சட்டத்தை முன்மாதிரியாகச் சொல்கிறோம். மாநில அரசியலமைப்பு தரும் உரிமை மீறப்பட்டால் வழக்கு அரசு அமைப்பின் மீதுதான். தனி ஊழியர் மீது இல்லை. அமைப்பு விலக்குரிமை கோரித் தப்பவும் முடியாது.

சென்னையை நினைக்காமல் இதை எழுத எங்களால் முடியவில்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு அடையாறு கரை மீறியது. ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மூழ்கின. பொறியாளர்கள் மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருந்ததால்தான் முன்கூட்டியே திறக்கவில்லை என்று பரவலாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அப்போதைய தலைமைச் செயலாளர் ஞானதேசிகன் அதை மறுத்து விரிவான அறிக்கை வெளியிட்டார். விதிப்படியே திறந்தோம் என்றது அரசு. 2018இல் வெளிவந்த தணிக்கை அறிக்கை ஏரி நீரைக் கையாண்ட விதத்தைக் கடுமையாகக் குறைகூறியது. காத்திருந்தார்களா இல்லையா என்பதற்குள் நாங்கள் போகவில்லை. ஆனால், காத்திருந்திருப்பார்கள் என்று அத்தனை பேர் உடனே நம்பினார்கள் அல்லவா, அதை யோசிக்க வேண்டும். தானாக முடிவெடுத்த பொறியாளருக்கு நாளை ஒரு குறிப்பாணை வரும், பதவி உயர்வு நிற்கும் என்பது அரசு அலுவலகம் தெரிந்த எவருக்கும் தெரியும். அன்று மணிக்கணக்கில் என்ன தகவல் வந்தது, யார் என்ன எழுதினார்கள் என்ற பதிவு அதே வாரம் மக்கள் முன் வைக்கப்பட்டிருந்தால், நேர்மையாக வேலை செய்த பொறியாளர்களுக்கு அதைவிட நல்ல சாட்சி வேறு இருந்திருக்காது.

இந்தியாவின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் நீண்ட காலம் இருந்த ஒரு பிரிவு, பொதுநலன் இல்லாமல் ஒருவருக்குப் பணப் பலன் கிடைக்கச் செய்தாலே குற்றம் என்றது. கெட்ட எண்ணம் இருந்ததா என்று தனியே காட்டத் தேவையில்லை. நிலக்கரித் துறைச் செயலாளராக இருந்த எச்.சி. குப்தா 2017இல் தண்டிக்கப்பட்டபோது, அவர் கைநீட்டிப் பணம் வாங்கியதாக யாரும் சொல்லவில்லை. 2018 திருத்தம் அந்தப் பிரிவை நீக்கியது, வரவேற்கிறோம். ஆனால் அதே திருத்தம், அதிகாரியின் முடிவுகளைப் பற்றி விசாரணை தொடங்கவே அரசின் முன் அனுமதி வேண்டும் என்று ஒரு கதவையும் வைத்தது. அதை நாங்கள் ஆதரிக்கவில்லை. அனுமதி தருவது ஆளுங்கட்சியின் கையில் இருந்தால், காப்பாற்றப்படுவது நேர்மையானவரா வேண்டியவரா என்பது ஆளைப் பொறுத்துப் போய்விடும்.

வழக்கு மட்டுமல்ல, வீட்டு வாசலுக்கு வரும் மிரட்டலும் இதில் சேர்த்தி. 2020 மார்ச் 16 அன்று சாண்டா கிளாரா கவுன்டி சுகாதார அதிகாரி டாக்டர் சாரா கோடியும் அண்டைக் கவுன்டிகளின் அதிகாரிகளும் சேர்ந்து, நாட்டிலேயே முதலாவதாக மக்களை வீட்டில் இருக்கச் சொல்லி உத்தரவிட்டார்கள். அன்று அவர்கள் கையில் இருந்த தகவல் கொஞ்சம்தான். அந்த உத்தரவின் ஒவ்வொரு வரியையும் எதிர்த்து வாதாட மக்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கோடிக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. காவல்துறைப் பாதுகாப்போடு அவர் நடமாட வேண்டியிருந்தது. கலிபோர்னியா, குடும்ப வன்முறையிலிருந்து தப்பியவர்களுக்காக வைத்திருந்த முகவரி மறைப்புத் திட்டத்தைச் சுகாதார அதிகாரிகளுக்கும் திறந்துவிட்டது. நியூ ஜெர்சியில் நீதிபதி எஸ்தர் சலாஸின் மகன் டேனியல், நார்த் பிரன்ஸ்விக்கில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் நீதிபதிகளின் முகவரியைக் காக்கும் சட்டம் வந்தது. ஓர் உயிர் போகும்வரை காத்திருக்காமல், வெள்ளம், தேர்தல், சுகாதாரம் ஆகிய துறைகளில் முடிவெடுக்கும் கவுன்டி ஊழியர்களுக்கும் டெக்சாஸ் இந்தப் பாதுகாப்பைத் தர வேண்டும்.

எங்கள் நிலைப்பாட்டை யாரும் போர்வையாக்கிக்கொள்ளக் கூடாது. மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் தண்ணீர் கெட்டுப்போன பிறகும் நல்ல தண்ணீர்தான் என்று மக்களிடம் சொன்னவர்களுக்கு நாங்கள் கேட்கும் பாதுகாப்பு பொருந்தாது. தெரிந்தே சொன்ன பொய்யில் நல்லெண்ணம் இல்லை. காவலர் பலப்பிரயோகத்தில் நீதிமன்றங்கள் கொடுத்துவரும் விலக்குரிமையையும் நாங்கள் ஆதரிக்கவில்லை. 1982இலிருந்து அது அதிகாரியின் எண்ணத்தைக் கேட்பதே இல்லை, முன்பு இதே மாதிரித் தீர்ப்பு உண்டா என்று மட்டுமே கேட்கிறது. முடிவே எடுக்காமல் காலம் கடத்துவதும் பாதுகாப்புக்கு உரியதல்ல. கெர் கவுன்டி 2017இல் வெள்ள எச்சரிக்கை அமைப்புக்கு மானியம் கேட்டது, கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளைப் பற்றிய கேள்வி, கவுன்டிக்கும் மாநிலத்துக்கும் சேர்ந்தே போக வேண்டிய கேள்வி. ஜூலை 4 அதிகாலை யார் விழித்திருந்தார் என்பதோடு அது முடிந்துவிடாது.

2027 ஜனவரியில் டெக்சாஸ் சட்டமன்றம் கூடும்போது எங்கள் பகுதி உறுப்பினர்களிடம் மூன்று கோரிக்கைகளை வைப்போம். பேரிடர் முடிவுகளால் வரும் சொத்திழப்புக்கு, யார் மீதும் குற்றம் நிரூபிக்கத் தேவையில்லாத ஒரு மாநில ஈட்டு நிதி வேண்டும். அணை, வெளியேற்றம், எச்சரிக்கை பற்றிய முடிவுகளின் பதிவேடு முப்பது நாளுக்குள் தானாகவே பொதுவெளிக்கு வர வேண்டும். பதிவு வைக்காதவருக்குப் பாதுகாப்பும் கிடையாது. வீடு நீர்த்தேக்க எல்லைக்குள் இருந்தால் விற்பவர் அதைச் சொல்ல வேண்டும் என்று 2019இல் வந்த விதி, மனை பிரித்து விற்கும் நிறுவனத்தின் விளம்பரப் பலகைக்கும் பொருந்த வேண்டும். நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியிலும் உள்ள தமிழ் அமைப்புகள் தங்கள் மாநிலத்தில் அரசு அமைப்புக்குத் தானாக விலக்குத் தரும் பிரிவுகளைத் திருத்தக் கோரி எங்களோடு சேருமாறு அழைக்கிறோம். கையெழுத்திட விரும்பும் உறுப்பினர்கள் அடுத்த பொதுக்குழுவுக்குள் செயற்குழுவிடம் தெரிவிக்கலாம். 2017இல் வீடு மூழ்கியவர்கள் தங்கள் இழப்பை ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால், யாருடைய பெயரையும் வெளியிடாமல் மனுவோடு இணைப்போம்.